ஜெர்மனி ஹீட்டரும் எங்கள் வீட்டு நாலு ஃபேனும்

ஜெர்மனியில் என் மகளுக்கு ஹீட்டர் பில் வந்த அன்றைக்கு, நெய்வேலியில் எங்கள் வீட்டில் நாலு ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. வீட்டில் இருந்த ஆட்கள் இரண்டே பேர். அதிலும் ஒருத்தர் வாசலில் நின்று செல்போனைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார்.

கத்தியவர் என் வீட்டுக்காரர் மாடசாமி. அனல்மின் நிலையத்தில் வேலை. நிலக்கரியை எரித்துக் கரண்ட் எடுக்கிற இடத்திலேயே தலை நரைத்தவர். சாதாரணமாக டவுன்ஷிப் தமிழ்தான் பேசுவார். கோபம் வந்தால் மட்டும் திருநெல்வேலி திரும்பி வரும்.

"முந்நூத்தி எண்பத்தாறு யூரோவா? எதுக்குட்டி?"

"ஹீட்டிங்குக்குப்பா." போனுக்குள் அகிலாவின் முகம் தபால்தலை அளவுக்கு இருந்தது. "வாடகையிலயே ஒரு அளவு சேர்த்து வாங்கிடறாங்க. வருஷம் முடிஞ்சதும் மீட்டர் பார்த்து, அதுக்கு மேல போயிருந்தா தனியா பில் அனுப்பறாங்க."

"மேல போற அளவுக்கு என்ன செஞ்ச?"

"ஹீட்டர் திருகுல அஞ்சுல வச்சிருந்தேன். அஞ்சு வரைக்கும்தான் இருக்கு."

"எப்பெப்ப?"

"எப்பவும்தான்."

"காலேஜுக்குப் போகும்போது?"

"வரும்போது ரூம் சூடா இருக்கும்லப்பா."

"ஜன்னல சாத்தித்தான வச்சிருந்த?"

அகிலா மூக்கைச் சொறிந்தாள். அவள் மூக்கைச் சொறிந்தால் நிஜம் சொல்லப் போகிறாள் என்று அர்த்தம். "சாம்பார் வாசனை வருதுன்னு பக்கத்து ரூம் பொண்ணு சொன்னா. அதனால கொஞ்சம் தொறந்து வச்சிருந்தேன்."

"ஏட்டி, நீ ரூமையா சூடு பண்ணுன? அந்த ஊரையே சூடு பண்ணியிருக்க!"

இந்த இடத்தில் நான் சிரித்துவிட்டேன். ஜோக் யார் சொன்னாலும் முதல் ஆளாகச் சிரிப்பது என் வியாதி. இரண்டு பேரும் என்னை முறைத்தார்கள், ஒருத்தர் நேரில், ஒருத்தி போனில்.

இந்தக் கோபத்துக்குப் பின்னால் ஒரு பட்ஜெட் இருக்கிறது. ஃப்ரைபர்க்கில் அகிலாவுக்கு எம்.எஸ். இடம் கிடைத்தது. சுரங்கம் தோண்டியே வளர்ந்த ஊராம். நிலக்கரி ஊரிலிருந்து இன்னொரு சுரங்க ஊருக்கு. அங்கே ஃபீஸ் கிடையாது. ஆனால் ஒரு வருஷச் செலவுக்கான பணத்தை முதலிலேயே மொத்தமாக பேங்க்கில் கட்டி முடக்க வேண்டும். பணம் நம்முடையதுதான். ஆனால் மாசம் எழுநூற்று இருபது யூரோவுக்கு மேல் நம் பிள்ளை தொட முடியாது. இவர் உடனே கூட வேலைபார்க்கும் கோபாலகிருஷ்ணனைப் பிடித்து கம்ப்யூட்டரில் பட்ஜெட் போட்டார். வாடகை, சாப்பாடு, இன்சூரன்ஸ், போன், முடி வெட்டும் செலவு, குளிர் கோட்டு, லீவுக்கு வரும்போது வாங்கிவர வேண்டிய சாக்லேட் வரைக்கும் அதில் இருந்தது. பிள்ளையை வெளிநாடு அனுப்ப நினைத்த பிளாக்காரர்கள் வந்து ஜெராக்ஸ் எடுத்துப் போனார்கள். இவரும் நல்லாசிரியர் விருது வாங்கியவர் மாதிரி நின்று விளக்கினார்.

அந்தப் பட்ஜெட்டில் ஹீட்டர் இல்லை, கரண்ட் இல்லை. இருக்காது. வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள்: கம்பெனி குவார்ட்டர்ஸில் கரண்டுக்கு என்று சம்பளத்தில் ஏதோ சில்லறை பிடிப்பார்கள், எவ்வளவு என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நான் சமைப்பது சுருள் கம்பி ஹீட்டர் அடுப்பில். கேஸ் சிலிண்டர் விருந்தாளிக்குக் காட்ட. எங்கள் தெருவில் சுவிட்ச் என்பது போடுவதற்கு மட்டுமே உண்டான சாமான். தமிழ்நாடே கரண்ட் கட்டில் வெந்து கிடந்த அந்த வருஷங்களில் எங்கள் வீட்டுக்கு வராத சொந்தக்காரர் பாக்கி இல்லை. என் மேல் பாசம் என்று நினைத்து ஆளுக்கு நாலு தோசை சுட்டுப் போட்டேன். பாசம் ஃபேன் மேல் என்று, கரண்ட் கட் நின்ற வருஷம் ஒருத்தரும் வராதபோதுதான் புரிந்தது.

என் யோக்கியதை இன்னும் மோசம். மழைக்காலத்தில் வடகத்தை ஃபேனுக்குக் கீழே காயவைத்தவள் நான். வெளியில் தூறிக்கொண்டிருக்கும், ஹாலில் வேட்டியை விரித்து வடகம், மேலே இரண்டு நாள் விடாமல் ஃபேன். அந்த வடகத்தைப் பொரித்துத் தின்று வளர்ந்ததுதான் அகிலா.

போனில் சண்டை முற்றியது.

"ஒரு சுவிட்ச அணைக்கத் தெரியாதவளுக்கு எம்.எஸ். எதுக்கு?" என்றார் இவர்.

"அப்பா, நம்ம வீட்ல என்னைக்காவது யாராவது எதையாவது அணைச்சு நான் பாத்திருக்கேனா?"

"அது வேற, இது வேற."

"என்ன வேற?"

"இது நான் வேர்வை சிந்தி உண்டாக்குற கரண்டு!"

"அது நான் நடுங்குன குளிருப்பா!"

இவர் கொஞ்சம் திணறினார். திணறினால் பெரிய குண்டாகத் தூக்கிப் போடுவது இவர் வழக்கம். போட்டார். "செப்டம்பர்ல ரெண்டாம் வருஷத்துப் பணம் கட்டணும்லா? நான் பி.எஃப்ல கை வைக்கப் போறதில்ல. பொட்டியக் கட்டிக்கிட்டு வந்து சேரு."

அந்தப் பணம் கட்டினால்தான் அவளுக்கு விசா நீட்டிப்பார்கள். கட்டாவிட்டால் பாதிப் படிப்போடு விமானம் ஏற வேண்டியதுதான். போனுக்குள் தபால்தலை அணைந்துபோனது.

"விளையாட்டுக்குத்தான சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"நான் எப்ப விளையாடியிருக்கேன்?" என்று சொல்லிவிட்டு, ஹாலில் ஓடிய டி.வி.யைப் பார்க்காமல் படுக்கையறைக்குப் போய்ப் படுத்தார். டி.வி. தன் பாட்டுக்குச் செய்தி வாசித்தது.

அடுத்த இரண்டு மூன்று நாள் நான் நல்ல முறையில் பேசிப் பார்த்தேன். சாப்பாடு போடும்போது, காபி கொடுக்கும்போது, இவர் செருப்பு மாட்டும்போது. இவர் ஒவ்வொரு தடவையும் ஒரே கேசட்டைப் போட்டார்: பொறுப்பு, ஒழுக்கம், காசின் அருமை. இதைப் பேசும்போது பாத்ரூமில் கீசர் கொதித்துக்கொண்டிருக்கும். இவர் குளித்து முடித்த தண்ணீர் காய்ந்தே போயிருக்கும். இருந்தாலும் வாயை மூடிக்கொண்டேன். பி.எஃப். இவர் கையெழுத்தில்தானே இருக்கிறது.

அகிலாவிடமிருந்து எனக்குத் தனியாக வாட்ஸப் வந்தது. "அம்மா, பில்லை ரெண்டு தவணையா கட்டச் சொல்லிக் கேட்டிருக்கேன். ராத்திரிக்கு பிரெட் போதும், எனக்குப் பசிக்கிறதே இல்ல." அதற்குக் கீழே இன்னொன்று. "திரும்பி வந்துடட்டுமாம்மா? நிஜமா கேக்கறேன்."

பசிக்கவில்லையாம். தட்டில் வைத்த பூரியை எண்ணிப் பார்த்து, அப்பாவுக்கு ஒன்று கூட வைத்தாய் என்று அழுத பெண். நான் பதிலுக்கு வாட்ஸப்பில் ஒரு கோமாளிப் பொம்மைப் படத்தை அனுப்பினேன். வேறு என்ன அனுப்புவது என்று தெரியவில்லை. அனுப்பிவிட்டு அடுப்பு முன்னால் நின்றேன். கம்பி சிவப்பாகக் கனன்றுகொண்டிருந்தது, மேலே பாத்திரமே இல்லாமல்.

மறுநாள் காலையில் மார்க்கெட்டில் ருக்குமணியைப் பார்த்தேன். பக்கத்து வீடு. குறிஞ்சிப்பாடிப் பக்கத்துக்காரி. அவள் வீட்டுக்காரர் சக்கரபாணியும் இவரும் ஒரே ஷிஃப்ட்.

"என்னா சுப்பு, அகிலா ஜெர்மனில ஆத்துக்கே வெந்நி போட்டுச்சாமே?" கத்தரிக்காயை அமுக்கிப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "எங்க வூட்டுக்காரரு ராத்திரி பூரா சொல்லிச் சொல்லி சிரிச்சிகினு கெடந்தாரு."

"அவருக்கு யார் சொன்னது?"

"மாடசாமி அண்ணந்தான். கேண்டீன்ல நடிச்சே காமிச்சாராம். பொண்ணு மாதிரி பேசி, ஜன்னலத் தொறந்து. ஷிஃப்டே உருண்டு உருண்டு சிரிச்சிதாம்."

ஜோக் நன்றாகத்தான் இருந்தது. சொன்ன விதமும் நன்றாகத்தான் இருந்திருக்கும், இவருக்கு நடிப்பு வரும். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் ஆயுசில் முதல் தடவை. கால் கிலோ கத்தரிக்காய் கேட்ட நான், கடைக்காரர் எடைபோடுவதற்குள் கிளம்பிவிட்டேன்.

அன்றைக்கு இவருக்கு முதல் ஷிஃப்ட். மத்தியானம் வந்து சாப்பிட்டார். ரசம் ஒரு தடவைக்கு இரண்டு தடவை கேட்டு வாங்கிக் குடித்தார். பனியனோடு கட்டிலில் சாய்ந்தார். தலைக்கு மேல் ஃபேன் முழு வேகத்தில். குறட்டை கிளம்பியதும் நான் வராந்தாவுக்குப் போய், மீட்டர் பெட்டிக்குள் இருக்கும் மெயின் சுவிட்சை இறக்கினேன்.

ஃபேன்கள், ஃபிரிட்ஜ், டி.வி. எல்லாம் ஒன்றாக நின்றன. நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து எங்கள் வீடு இப்படி வாயை மூடி நான் பார்த்ததில்லை. கொல்லை முந்திரி மரத்தில் அணில் கத்துவது கேட்டது. இத்தனை வருஷம் அந்த அணில் என்னவெல்லாம் கத்தியிருக்குமோ. வாசல் படியில் போய் முறத்தோடு உட்கார்ந்தேன். அரிசியில் கல் இல்லை. சும்மா புடைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் இவர் வெளியே வந்தார். பனியன் முதுகோடு ஒட்டியிருந்தது. "சுப்பு, கரண்ட் இல்லையா?"

"அப்படித்தான் தெரியுது."

"நெய்வேலில கரண்ட் போவுமா?" நம்பாத முகம். சூரியன் ஷிஃப்ட்டுக்கு வரவில்லை என்று சொன்னால்கூட அப்படிப் பார்த்திருக்க மாட்டார். எட்டிப் பார்த்தார். ருக்குமணி வீட்டு ஹாலில் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. இவருக்கு அவமானமாகிவிட்டது. கம்ப்ளெயின்ட் ஆபீசுக்குப் போன் போட்டார்.

"ஹலோ, நான் தெர்மல்ல இருந்து பேசுதேன். இல்ல இல்ல, வீட்ல இருந்துதான். உங்களுக்கெல்லாம் கரண்ட் எடுத்துக் குடுக்குறவன் வீட்லயே கரண்ட் இல்ல! என்ன வெயில் அடிக்குது, மனுசன் வேகுறான்! உடனே ஆள அனுப்புங்க!"

ஒரு வீட்டில் மட்டும் கரண்ட் இல்லை என்பது எங்கள் பிளாக்கில் சாவு செய்தி மாதிரி. ருக்குமணி வந்தாள். சக்கரபாணி லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். எதிர்வீட்டு தமயந்தி டீச்சர் விசிறியோடு வந்து, கேட்காமலேயே இவருக்கு வீசிவிட்டாள். இவருடைய பழைய ஷிஃப்ட் கூட்டாளி ராஜாங்கம், போன வருஷம் ரிட்டயராகி டவுன்ஷிப்புக்கு வெளியே வடக்குத்தில் வாடகை வீட்டுக்குப் போனவர், காய் வாங்க டவுன்ஷிப்புக்கு வந்திருந்தார். கூட்டத்தைப் பார்த்து சைக்கிளை நிறுத்தினார்.

லைன்மேன் இளவழகன் ஏணியைப் பைக்கில் கட்டிக்கொண்டு வந்தான். ஏணியை அவிழ்க்கவே இல்லை. நேராக வராந்தாவுக்குப் போனான். பெட்டியைத் திறந்தான்.

"சார், மெயின் எறங்கிக் கெடக்குதுங்க."

"அது எப்பிடி எறங்கும்?"

"யாராச்சும் எறக்குனாத்தாங்க எறங்கும்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் முறத்தைக் கீழே வைத்தேன்.

"நான்தான் இறக்கினேன்."

"ஏட்டி, பைத்தியமா புடிச்சிருக்கு? சனங்களக் கூட்டி வேடிக்கை காட்டுதியா?"

"நான் யாரையும் கூப்பிடல. நீங்கதான் போன் போட்டுக் கூட்டினீங்க. ஒரு தூக்கம் ஃபேன் இல்லாம போகல, அதுக்குள்ள ஊரு கூடியாச்சு. அவ குளிர்காலம் பூரா தன்னந்தனியா பனியில கிடந்தா. கஷ்டம் வந்தப்ப யாருக்குப் போன் போட்டா? உங்களுக்கு. நீங்க அத என்ன செஞ்சீங்க? கேண்டீன்ல டீயோட சேத்து வித்தீங்க."

சக்கரபாணி லுங்கியை இறக்கிவிட்டார். யாரோ சிரிக்கப் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள்.

"சுவிட்ச அணைக்கணும்னு தெரியாதா ஒரு படிச்ச புள்ளைக்கு?" என்றார் இவர். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"தெரியாது. எனக்கும் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. வடகத்த ஃபேன்ல காயவச்சவ வயித்துல பொறந்தது, ஜெர்மனில போய் இறங்கினதும் சுவிட்ச அணைச்சிருமா? நாம குடுக்காதத அவ எங்க கடன் வாங்குவா?"

அப்போது ராஜாங்கம் சைக்கிளில் சாய்ந்துகொண்டே சிரிக்க ஆரம்பித்தார். இவரைப் பார்த்து அல்ல, தன்னையே.

"மாடசாமி, நான் இங்கேர்ந்து போன மொத பில்லு எவ்ளோ தெரியுமா? ரெண்டு மாசத்துக்கு ஒம்பதாயிரம். ஈ.பி. ஆபீசுல போயி மீட்டரு பொய் சொல்லுதுன்னு சண்ட போட்டேன்யா! அந்தப் பொண்ணு பொறுமையா கேட்டுகினு இருந்துச்சு. அப்புறம், 'சார், ஏசிய அணைப்பீங்களா?'ன்னுது. எதுக்கும்மா அணைக்கணும்னேன். 'நீங்க டவுன்ஷிப்பா?'ன்னு சிரிச்சுது. நம்ம எல்லாம் அகிலாதான்யா. அதுவாச்சும் குளுருக்கு வச்சிகினு இருந்துச்சு."

கூட்டம் இந்தத் தடவை சிரித்துவிட்டது. இவர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. எனக்கு இன்னும் கோபம் பாக்கி இருந்தது.

"ரெண்டு வருஷத்துல நீங்களும் ரிட்டயர் ஆகணும். இந்த வீட்டக் காலி பண்ணணும். உங்க பட்ஜெட்ல ஜெர்மனி சாக்லேட் இருக்கு. நம்ம வாடகை எங்க இருக்கு? நம்ம கரண்ட் எங்க இருக்கு? அவள மட்டும் திரும்பி வரச் சொல்றீங்களே, எங்க வரச் சொல்றீங்க?"

இளவழகன் கையைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டே, இவரை விட்டுவிட்டு என்னைக் கேட்டான்: "யக்கா, தூக்கிவுடட்டுங்களா?"

"எல்லா சுவிட்சையும் அணைச்சிட்டு அப்புறம் தூக்கு தம்பி."

யார் அணைப்பது என்று யாரும் கேட்கவில்லை. இவர்தான் உள்ளே போனார். டக், டக் என்று ஒவ்வொரு அறையாகச் சத்தம் கேட்டது. கடைசியில் வராந்தா லைட்டுக்கு வந்தார். அது இரவும் பகலும் எரிகிற லைட். சுவிட்சை அமுக்கினார். அசையவில்லை. இரண்டு கட்டை விரலையும் வைத்து அமுக்கினார். ம்ஹூம். இளவழகன் குனிந்து பார்த்தான்.

"சார், சொவுருக்குப் பெயிண்ட் அடிச்சப்ப சுவிட்ச் மேலயே அடிச்சிட்டாங்க. ஆன்லயே காஞ்சு ஒட்டிக்கிச்சு." ஸ்குரூ டிரைவரால் நெம்பினான். பெயிண்ட் பொருக்கோடு சுவிட்ச் கீழே இறங்கியது. "பெயிண்ட் அடிச்சு எத்தினி வருசங்க ஆவுது?"

யாருக்கும் ஞாபகம் இல்லை. அத்தனை வருஷம் அந்த லைட் வெயிலுக்கு வெளிச்சம் காட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

அன்றைக்கு ராத்திரி இவர் என்னோடு பேசவில்லை. நானும் பேசவில்லை. எனக்குப் பேசாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். ரசத்துக்கு உப்புப் போடவில்லை, வேண்டுமென்றே. இவர் அதைக் கேட்கவும் இல்லை, குடித்துவிட்டு எழுந்தார். மன்னிப்பு என்ற வார்த்தை எங்கள் வீட்டுப் பட்ஜெட்டில் எந்த வருஷமும் இருந்ததில்லை. எனக்கு அது பழக்கம்தான். அகிலாவுக்குத்தான் ஒரு வார்த்தை தேவைப்பட்டது. கோமாளிப் பொம்மையை எத்தனை நாள் அனுப்புவது?

செய்தி ருக்குமணி வழியாகத்தான் வந்தது. நான் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கூப்பிட்டாள்.

"சுப்பு, அண்ணன் இன்னிக்குக் கேண்டீன்ல புதுக் கதை சொன்னாராமே?"

"இப்ப யாரை விக்கிறாரு?"

"அவரத்தான்! பொண்டாட்டி மெயின எறக்கிட்டா, நான் கம்ப்ளெயின்ட் ஆபீசுக்குப் போன் போட்டு அதிகாரம் பண்ணேன்னு, பனியன் ஒட்டிகினு நின்னது வரைக்கும் நடிச்சுக் காமிச்சாராம். எங்க வூட்டுக்காரருக்குப் பொறையேறிடுச்சு. கடைசீல சொன்னாராம், எம்பொண்ணு தப்பு ஒண்ணும் பண்ணல, நெய்வேலிக்காரி நெய்வேலிக்காரியா இருந்துட்டா, அவ்ளோதான்னு."

ஈரத் துணியை நான் இரண்டு தடவை உதறினேன். ஏற்கெனவே உதறிய துணிதான்.

அதற்குப் பிறகு கோபாலகிருஷ்ணன் சொன்னார், பி.எஃப். விண்ணப்பம் கொடுத்தாகிவிட்டதாம். பில் பணமும் அகிலா கணக்குக்குப் போய்விட்டதாம், ஒரே தவணையில். பட்ஜெட்டில் புதிதாக இரண்டு இடம் சேர்த்திருக்கிறாராம்: 'ஹீட்டர், ஜெர்மனி' என்று ஒன்று, 'கரண்ட், வடக்குத்து' என்று ஒன்று. சாக்லேட்டை எடுத்துவிட்டாராம். அதுதான் எனக்குக் கொஞ்சம் வருத்தம்.

இத்தோடு நான் ஜெயித்தேன் என்று முடித்திருக்கலாம். ஆனால் மனுஷனுக்கு எதிலும் அளவு தெரியாது. எரியும்போது வீடு பூரா எரித்தவர், இப்போது அணைக்கக் கிளம்பினார். சாயங்காலம் ஆனால் அறை அறையாக ரோந்து. ஹீட்டர் அடுப்பைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார். நான் முகம் கழுவிவிட்டு வருவதற்குள் பாத்ரூம் லைட் அணைந்திருக்கும். சோப்பு நுரையோடு சுவரைத் தடவிக்கொண்டு வருவேன். வாய் ஓயாமல் திட்டினேன். காதில் வாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அகிலா கூப்பிட்டாள். இவரோடு அவள் பேசி முடித்துவிட்டாளாம். என்ன பேசினீர்கள் என்று கேட்டேன்.

"ஹலோன்னாரு. பணம் வந்துச்சான்னாரு. வந்துச்சுன்னேன். அப்புறம் ரெண்டு தடவ தொண்டையச் செருமினாரு. ராத்திரி சோறு வடிச்சுத் தின்னு, பிரெட்டெல்லாம் வேண்டாம்னாரு. வச்சிட்டாரு."

பிரெட் விஷயம் இவருக்கு எப்படித் தெரியும்? நான் சொல்லவில்லை. என் போனைத் திருட்டுத்தனமாகப் பார்த்திருக்கிறார். அதற்கு ஒரு சண்டை போட வேண்டும் என்று மனசில் குறித்துக்கொண்டேன்.

"அம்மா, உன் மூஞ்சியே தெரியலையே. ஏன் இருட்டுல உக்காந்திருக்க? கரண்ட் இல்லையா?"

"இருக்குடி. ஊருக்கே குடுக்குற அளவுக்கு இருக்கு."

அந்த நேரம் பார்த்து எனக்குப் பின்னால் டக் என்றது. தலைக்கு மேல் ஃபேன் வேகம் குறைந்து, யோசித்து, நின்றது.

"என்னங்க! நான் இங்கதான் உக்காந்திருக்கேன்!"

"வாசல்ல காத்து சும்மாதான வீசுது," என்று இருட்டுக்குள்ளிருந்து இவர் குரல் வந்தது. "அங்க போய் இருந்து பேசு."

போனுக்குள் அகிலா சிரித்தாள். பில் வந்த பிறகு அவள் சிரித்துக் கேட்பது இப்போதுதான். நிறுத்தாமல் சிரித்தாள். மூச்சு வாங்கிக்கொண்டு, "அப்பாவா அது?" என்று கேட்டுவிட்டு மறுபடியும் சிரித்தாள். எனக்குக் கழுத்தில் வியர்வை வழிந்தது. கோபம் கோபமாக வந்தது. அவள் சிரித்து முடிக்கும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அவள் போனை வைத்ததும் எழுந்துபோய் ஃபேனைப் போட்டேன். அஞ்சில்.